பாகற்காய், பச்சை மிளகாய், அடுப்புச் சாம்பல்: நம் ருசிகளுக்குப் பரிணாமம் எவ்வளவு தூரம் காரணம்?

கேள்வி – வேப்பமரத்தடி

அனைவருக்கும் வணக்கம். என் பேத்திக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. சென்ற வாரம் பாகற்காய்ப் பொரியலில் ஒரு துண்டை, வெல்லம் சேர்த்துச் செய்ததுதானே என்ற தைரியத்தில், அவள் வாயில் வைத்தேன். மூக்கைச் சுருக்கி, வாயின் இரு ஓரங்களையும் கீழே இழுத்து, நாக்கை நீட்டித் துண்டை வெளியே தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு கால் மணி நேரம் நான் நீட்டிய எதையும் அவள் நம்பவில்லை. அதே நேரத்தில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் அந்தப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

மகனிடம் சொன்னபோது, "இனிப்பு என்றால் சத்து, கசப்பு என்றால் நஞ்சு, காட்டில் அலைந்த காலத்திலிருந்தே நாக்கு இப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கசப்பு நஞ்சு என்றால் என் அண்ணனை என்ன சொல்வது? பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்ளாமல் பழைய சோறு இறங்காத என்னை என்ன சொல்வது? பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது யாருக்கும் தெரியாமல் அடுப்புச் சாம்பலை எடுத்துத் தின்ற என் நாத்தனாரை என்ன சொல்வது? மிளகாய் பிடித்தால் அதற்கொரு காரணம், பிடிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் என்று, எந்த ருசிக்கும் பின்னாலிருந்து ஒரு கதை கட்டிவிடலாம் போலத் தோன்றுகிறது. இவற்றில் எதற்கு உண்மையான சான்று இருக்கிறது, எது வெறும் ஊகம் என்று விவரம் தெரிந்தவர்கள் பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1 – பழைய ஆய்வுக்கூடம்

அம்மா, முப்பது ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் என்ற முறையில் முதலில் உங்கள் மகன் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவர் சொன்னதில் பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

உங்கள் பேத்தி காட்டிய அந்த முகத்தை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஜெருசலேமில் யாகோப் ஸ்டைனர் என்ற ஆய்வாளர் 1970களில், பிறந்து சில மணி நேரமே ஆன, இன்னும் முதல் பால்கூடக் குடிக்காத சிசுக்களின் நாக்கில் இனிப்பு, புளிப்பு, கசப்பு நீர்களைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் படம் எடுத்தார். இனிப்புக்கு முகம் தளர்ந்து உதடுகள் சப்பத் தொடங்கின. கசப்புக்கு நீங்கள் வர்ணித்த அதே கோணல் வந்தது. பெருமூளையே உருவாகாமல் பிறந்த, சில நாட்களுக்கு மேல் உயிர் வாழ முடியாத சிசுக்களும் அதே முகத்தைத்தான் காட்டின. ஆகவே இது மூளைத்தண்டிலேயே அமைந்த அனிச்சைச் செயல். வளர்ப்புக்கு இதில் இடமில்லை. நம் வீடுகளில் இது எப்போதோ தெரிந்த சங்கதிதான். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும்போது சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தார்கள், பால் மறக்கடிக்க வேண்டிய பிள்ளைக்கு மார்க்காம்பில் வேப்பெண்ணெயைத் தடவினார்கள். (சேனையில் தேன் வைக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்தாகலாம் என்று மருத்துவர்கள் சொல்வது சரியே.)

ஆனால் பிறவிக் குணம் என்று நிறுவிவிட்டால் மட்டும் அதன் காரணம் நிறுவப்பட்டதாகிவிடாது. காரணத்துக்கு நான் நம்பும் சான்று காட்டு மனிதனைப் பற்றிய கதையில் இல்லை, பூனையில் இருக்கிறது. இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் இணைந்து உருவாவது. பூனையில் அவற்றில் ஒன்றுக்கான மரபணு சிதைந்து கிடக்கிறது என்று பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005இல் கண்டறிந்தனர். புலியும் சிவிங்கிப்புலியும் அப்படியே. பூனை பாலை நக்குவது கொழுப்புக்காகவும் புரதத்துக்காகவும்தான், பாயசத்தின் இனிப்பு அதற்குத் தெரியவே தெரியாது. பின்னர் பார்த்தபோது கடற்சிங்கம், டால்பின் போன்ற வேறு ஊனுண்ணிகளும் இதே திறனைத் தனித்தனியாக இழந்திருந்தன. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. பறவைகளுக்கு அந்த இனிப்பு மரபணுவே கிடையாது. எனினும் பூந்தேனை நம்பி வாழும் ஓசனிச்சிட்டில், புரதச் சுவையை அறிவதற்கென்று இருந்த ஏற்பியே சர்க்கரையை அறியும்படி மாறியிருக்கிறது என்று 2014இல் காட்டினார்கள். உணவில் சர்க்கரை இல்லாமல் போன விலங்குகளில் இனிப்பு உணர்வு அழிவதும், சர்க்கரை வந்து சேர்ந்த விலங்கில் அது புதிதாக முளைப்பதும் ஒரு சந்தர்ப்பத்தில் நடந்திருந்தால் தற்செயல் எனலாம். திரும்பத் திரும்ப நடந்திருப்பதால்தான் இதை வெறும் கதை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களிடம் எந்த உணவு மிகப் பிடிக்கும் என்று கேட்ட ஆய்வொன்றில், ஆண், பெண் இருபாலரும் தேனை முதலிடத்திலும் கிழங்கைக் கடைசியிலும் வைத்தார்கள்.

கசப்பின் கணக்கு வேறு. இனிப்புக்கு ஒரே ஏற்பி போதும். கசப்புக்கோ மனிதனிடம் சுமார் 25 ஏற்பி மரபணுக்கள் இருக்கின்றன. தாவரங்கள் தற்காப்புக்காக உண்டாக்கும் நச்சுப் பொருட்கள் பல வகைப்பட்டவை என்பதால், காவலுக்கும் பல ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்று கொள்ளலாம். ஆயினும் கசப்பவை எல்லாம் நஞ்சல்ல, நஞ்செல்லாம் கசப்பதும் இல்லை. அரளிக்கும் பாகலுக்கும் வேறுபாடு நாக்குக்குத் தெரியாது.

உங்கள் அண்ணனைப் பற்றி யாராவது, "அவருக்குக் கசப்பு மரபணு இல்லை" என்று சொல்லக்கூடும். 1931இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் ஒரு வேதித்தூளைப் புட்டியில் கொட்டியபோது அது காற்றில் பறந்தது. அருகிலிருந்தவர் தாங்க முடியாத கசப்பு என்று முறையிட்டார், ஃபாக்ஸுக்கோ சுவையே தெரியவில்லை. அந்த வேறுபாட்டுக்கான மரபணு 2003இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அது அந்தத் தூளைச் சேர்ந்த சில பொருட்களையும், முட்டைக்கோசு, கடுகுக் குடும்பத்தின் கசப்பையும் சார்ந்தது. பாகற்காயின் கசப்பு வேறு பொருட்களால் வருவது. ஆகையால் அண்ணனின் பொரியலை அந்த மரபணுவின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

பதில் 2 – மிளகுக்கொடி

பச்சை மிளகாயைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் பின்னாலிருந்து கதை கட்டுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முதலில் காலக்கணக்கு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான் அது இந்தப் பக்கம் வந்தது. அதுவரை நம் காரம் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்று அழைத்ததிலேயே அது தெரிகிறது. ஐந்நூறு ஆண்டுகள் என்பது ஏறத்தாழ இருபது தலைமுறை. நம் மரபணுக்கள் மிளகாய்க்காகவே மாறின என்று சொல்ல அந்த அவகாசம் போதாது.

அடுத்து, காரம் சுவையே அல்ல. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்தும் நரம்பு ஏற்பி ஒன்றுதான் மிளகாயிலுள்ள கேப்சைசினுக்கும் குரல் கொடுக்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதைக் கண்டறிந்தனர், 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கொதிக்கும் ரசத்தையும் மிளகாயையும் வாய் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. பறவைகளின் ஏற்பியில் கேப்சைசின் வேலை செய்வதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொறித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிசோனாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்து டூக்ஸ்பரியும் நாபனும் 2001இல் எழுதியதன்படி, எலிகளின் வயிற்றில் போன விதை ஒன்றும் முளைப்பதில்லை, பறவையின் வயிற்றில் போன விதை முளைக்கிறது. காரம் என்பது பாலூட்டிகளை விரட்டிப் பறவைகளை மட்டும் உள்ளே விடச் செடி போட்ட வேலி. எனவே இங்கே பரிணாம விளக்கம் செடிக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது. வேலியைத் தாண்டிக் குதித்து விருந்தாடும் பாலூட்டியான நமக்குத்தான் பொருந்தவில்லை.

நமக்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். ஜெனிஃபர் பில்லிங், பால் ஷெர்மன் இருவரும் 1998இல் 36 நாடுகளின் 4,578 சமையல் குறிப்புகளை எண்ணி, வெப்ப நாடுகளில் மசாலா அதிகம் என்றும், மசாலா நுண்ணுயிரிகளைக் கொல்வதால் அதை விரும்பியவர்கள் நோயின்றித் தழைத்தார்கள் என்றும் வாதிட்டார்கள். பல ஆண்டுகள் நானே இதை நம்பி, கல்யாண வீடுகளில் பக்கத்து இலைக்காரர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். 2021இல் லிண்டெல் பிராம்ஹாம் குழுவினர் 70 வகைச் சமையல்களிலிருந்து 33,750 குறிப்புகளை எடுத்துக்கொண்டு மறுபடி சோதித்தார்கள். வெப்ப நாடுகளில் மசாலா அதிகம் என்பது நின்றது, காரணம்தான் நிற்கவில்லை. அக்கம்பக்க நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று சமையலைக் கற்றுக்கொள்வதையும், ஏழ்மை, உடல்நலம் முதலியவை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதையும் கணக்கில் எடுத்தால் நோய்த்தொற்றுக்கென்று தனியாக ஒன்றும் மிஞ்சவில்லை. மசாலா மிகுந்த நாடுகளில் சாலை விபத்து மரணங்களும்தான் அதிகம் என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்; அதற்காக ரசப்பொடி வண்டியைக் கவிழ்க்கிறது என்று யாரும் சொல்வதில்லை. என் பங்குக்கு ஒன்று: ஊறுகாய் கெடாமல் இருப்பது பெரும்பாலும் உப்பாலும் புளிப்பாலும் மேலே நிற்கும் எண்ணெயாலும்தான். உப்பைக் குறைத்துவிட்டு மிளகாய்த்தூளை இரட்டிப்பாக்கிப் பார்த்தவர்களுக்குப் பூஞ்சை எப்படி வருகிறது என்று தெரியும்.

பிறகு ஏன் தின்கிறோம்? பால் ரோஸின் என்ற உளவியலாளர் மெக்சிகோவின் ஒஹாகா மலைக்கிராமம் ஒன்றில் தங்கிப் பார்த்தார். அங்கும் குழந்தைகள் முதலில் அழுகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, பெரியவர்களும் அண்ணன் அக்காக்களும் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து ஐந்தாறு வயதுக்குள் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள். அதே வீடுகளின் மிச்சத்தைத் தின்று வளர்ந்த பன்றிகளுக்கும் நாய்களுக்கும் காரமுள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டையும் வைத்தபோது, அவை காரமில்லாததையே எடுத்தன. ஆண்டுக்கணக்காகத் தின்றும் அவற்றுக்குப் பழக்கம் விருப்பமாகவில்லை. எரிந்தாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று அறிந்தபின் அந்த எரிச்சலையே ரசிப்பது மனிதக் குணம் என்பது ரோஸினின் முடிவு. இராட்டினத்தில் ஏறி அலறிவிட்டு, இறங்கியதும் மறுபடி சீட்டு வாங்குவதைப் போல.

பதில் 3 – நெய்தல் செவிலி

நான் மகப்பேறு வார்டில் பணிபுரிந்த செவிலியர். சாம்பல் பற்றிய பேச்சு யாரும் தொடாமல் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சாம்பல், திருநீறு, செங்கல்பொடி, மழை பட்ட மண், பச்சரிசி என்று ஒளித்து வைத்துத் தின்ற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணின் முந்தானை முடிச்சில் காசு என்று நினைத்து நான் அவிழ்த்தது கரையான் புற்றுமண். இது இன்று நேற்று வந்ததும் அல்ல. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் சேர மன்னனைப் புகழும் புலவர், உன் நாட்டு மண்ணை வயவுற்ற (மசக்கை கொண்ட) மகளிர் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறார். கருவுற்றவள் மண் தின்பது யாருக்கும் விளக்கத் தேவையில்லாத செய்தியாக இருந்தால்தான் அதை வைத்து இப்படி ஒரு சிலேடை சொல்ல முடியும்.

காரணமாக இரண்டைச் சொல்வார்கள். உடம்பில் இல்லாத இரும்புச் சத்தை உடம்பே தேடுகிறது என்பது ஒன்று. களிமண் குடலில் நச்சுக்களையும் கிருமிகளையும் பற்றிக்கொண்டு கருவைக் காக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது எல்லோருக்கும் பிடித்த விளக்கம். மண் தின்பவர்களுக்கு இரத்தசோகை இருப்பதும் உண்மை. ஆனால் பல களிமண் வகைகள் உணவிலுள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆக, இரத்தசோகையால் மண் தின்றாளா, மண் தின்றதால் இரத்தசோகை வந்ததா என்பதே சிக்கல். இரண்டாவது விளக்கத்துக்கு ஆதரவு கொஞ்சம் கூடுதல், எனினும் முடிந்த முடிவு அல்ல.

உடம்பு தனக்குக் குறைந்ததைத் தானே தேடும் என்பது முழுப் பொய்யுமல்ல. உப்பு விஷயத்தில் அது நிரூபணமானது. 1940இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வில்கின்ஸ், ரிக்டர் இருவரும் எழுதிய மூன்றரை வயதுச் சிறுவனின் கதையை என் பயிற்சிக் காலத்தில் படித்தேன், இன்னும் மறக்கவில்லை. பிஸ்கட்டில் உள்ள உப்பை மட்டும் நக்கிவிட்டு மீதியைப் போட்டுவிடுவான். உப்பைக் கரண்டியால் அள்ளித் தின்பான். அவன் முதன்முதலில் பேசிய சொற்களில் ஒன்று உப்பு. மருத்துவமனையில் சேர்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் சாதாரண உணவையே கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் இறந்துபோனான். அவனுடைய அட்ரீனல் சுரப்பிகள் கெட்டுப்போயிருந்ததால் உப்பு உடம்பில் தங்காமல் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உப்புக்கு அப்படி ஒரு தனி ஏற்பாடு உடம்பில் இருக்கிறது. இரும்புக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் அதே ஏற்பாடு உண்டு என்று இதிலிருந்து தாவிவிடக் கூடாது. வீட்டில் யாராவது மண் தின்றால் பரிணாமத்தை யோசிப்பதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். மண்ணோடு புழு முட்டையும் ஈயமும் சேர்ந்தே வரும்.

பதில் 4 – தயிர்க்காரர்

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? உணவும் பரிணாமமும் என்றால் பால்தான் தெளிவான உதாரணம். பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன் பெரும்பாலான மனிதர்களுக்குச் சிறுவயதோடு குறைந்துவிடுகிறது. கால்நடை வளர்த்த சில மக்களிடம் மட்டும் அது வளர்ந்த பிறகும் நிலைக்கும்படி ஒரு மரபணு மாற்றம் பரவியது. இந்தியாவில் காணப்படுவது ஐரோப்பாவில் உள்ள அதே மாற்றம்தான் என்று 2012இல் காட்டினார்கள். தெற்கே நீலகிரியில் எருமை மேய்க்கும் தோடர்களிடம் அது மிகுதியாக இருந்தது.

பதில் 5 – பழைய ஆய்வுக்கூடம்

தயிர்க்காரர் சொன்ன செய்தி சரி, ஆனால் அது செரிமானத்தைப் பற்றியது, விருப்பத்தைப் பற்றியது அல்ல. செரிக்கும் மரபணு இருந்தும் பாலைக் கண்டால் ஓடுகிறவர்கள் உண்டு. அது இல்லாமலே தயிரும் மோருமாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த மக்கள் உண்டு, ஏனெனில் உறை ஊற்றும்போது லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிரிகளே தின்றுவிடுகின்றன. ஐரோப்பாவின் பழைய பானை ஓடுகளில் படிந்த பால் கொழுப்பை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வும், பால் உண்ணும் பழக்கம் முதலில் வந்து மரபணு மாற்றம் சில ஆயிரம் ஆண்டுகள் கழித்தே பரவியது என்றும், அதைப் பரப்பியது பஞ்சமும் நோயுமாக இருக்கலாம் என்றும்தான் சொல்கிறது.

வேப்பமரத்தடி அம்மாவின் கேள்விக்கு நான் தர விரும்பும் விடை வேறு இடத்தில் இருக்கிறது. இயற்கைத் தேர்வு நமக்குத் தந்தது ருசிகளின் பட்டியலை அல்ல. இரண்டு மூன்று பிறவிச் சாய்வுகளையும், அவற்றின் மேல் எதையும் எழுதிக்கொள்ளும் ஒரு கற்கும் முறையையும் தந்தது. எலிகளை வைத்து ஜான் கார்சியா 1966இல் செய்த சோதனை இதற்கு அடிப்படை. சுவையுள்ள நீரைக் குடிக்கும்போதே விளக்கும் எரிந்து ஓசையும் வரும்படி செய்தார். பிறகு எலிகளுக்குக் குமட்டல் உண்டாக்கியபோது அவை சுவையை வெறுத்தன, விளக்கையும் ஓசையையும் பொருட்படுத்தவில்லை. காலில் மின்னதிர்ச்சி கொடுத்தபோது விளக்கையும் ஓசையையும் அஞ்சின, சுவையை வெறுக்கவில்லை. வயிற்று வலிக்கு வாய்தான் காரணம் என்று சந்தேகிக்கும்படி மூளை முன்கூட்டியே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கல்லூரி நாட்களில் ஒரு திருமணத்தில் காளான் பிரியாணி சாப்பிட்ட அன்றிரவு எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு வாந்தி எடுத்தேன். உடன் சாப்பிட்ட எழுவருக்கும் ஒன்றுமில்லை, காளானில் குற்றமில்லை என்று அன்றே தெரியும். நாற்பது ஆண்டுகளாகிறது, இன்றும் காளான் வாசனைக்கு என் தொண்டை மூடிக்கொள்கிறது.

வெறுப்பு இப்படி ஒரே இரவில் எழுதப்படும். விருப்பம் மெதுவாகத்தான் எழுதப்படும், ஆனால் வெகு சீக்கிரமே தொடங்கிவிடும். கருவுற்ற கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னர் கேரட் கலந்த கூழை மற்றக் குழந்தைகளைவிட முகம் சுளிக்காமல் சாப்பிட்டதாக மோனெல் மையத்தின் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001இல் எழுதினார்கள். இரண்டு முதல் ஆறு வயது வரை புதிய உணவைச் சந்தேகிப்பதும் இயல்பு. தானே நடந்துபோய்க் கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில் அந்தச் சந்தேகம் ஒரு காவல். கட்டாயமில்லாமல் 8 முதல் 15 முறை சிறிது சிறிதாகக் கொடுத்தால் பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு முறைதான் கொடுத்திருக்கிறீர்கள்.

வேப்பமரத்தடி

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் எப்போதிலிருந்து பாகற்காய் பிடித்தது என்று கேட்டேன். அப்பாவோடு கடைக்குப் போகும் வயதில், அவர் மோரில் ஊறவைத்துக் காயவைத்த வற்றலைப் பொரித்துத் தன் தட்டிலிருந்து ஒன்றே ஒன்று எடுத்துக் கொடுப்பாராம். இரண்டாவது கேட்டால் "இது பெரியவர்களுக்கு" என்பாராம். பெண்பிள்ளை என்பதாலோ என்னவோ, எனக்கு அந்த ஒன்றும் கிடைத்ததில்லை. எனக்கு இன்றுவரை பாகற்காய் பிடிக்காது.

நேற்று பேத்தி அண்ணனின் தட்டிலிருந்து தானாகவே ஒரு வற்றலை எடுத்து நக்கினாள். அதே முகம்தான். ஆனால் கீழே போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு அவர் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.